கண்ணாடி கழற்றிய விளக்குகள்

ஆக்ரன், ஒஹாயோ
அக்டோபர் 14, 1922

மிஸ் ஹெஸ்டர் குயின்பி அவர்களுக்கு,

எனக்குக் காது கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் எழுதப்போவது உங்களுக்குப் புரிய வேண்டும்.

இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் நிறைய. டயர் தொழிற்சாலைகள் எங்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தன. இயந்திர இரைச்சல் எங்களை ஒன்றும் செய்யாதல்லவா. எங்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை உண்டு. அதில் சினிமாப் பக்கம் என்னுடையது. தலைப்பு: 'உண்மையில் அவர்கள் சொன்னது'. காதலன் மண்டியிடுகிறான். 'நீ இல்லாமல் நான் இல்லை' என்கிறது பேசாத படத்தின் நடுவே வரும் எழுத்தட்டை. அவன் உதடு, "மறுபடியும் பூண்டா? மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பித் தொலை" என்கிறது. அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது எங்கள் வரிசை மட்டும் குலுங்கும். மேலாளர் எங்களை வெளியே அனுப்பியதும் உண்டு.

சென்ற சனிக்கிழமை நீங்கள் இயக்கிய 'மணல்திட்டு' பார்த்தோம். கடைசி ரீல். புயல். கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கரையில் நிற்கிறாள். அப்பா இறந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள். அணைந்து கிடந்த விளக்கு எரியத் தொடங்குகிறது. திரை முழுக்க அவள் முகம். அகலத் திறந்த கண்கள், இமைப்பே இல்லை. இப்படி ஒரு முகத்தை இதுவரை பார்த்ததில்லை என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. நானும் எழுத இருந்தேன்.

எழுத்தட்டை சொன்னது: 'அப்பா! விளக்கு எரிகிறது!'

அவள் சொன்னது: "மிஸ் குயின்பி, எனக்குக் கண்ணு தெரியல. எங்க இருக்கீங்க? நிறுத்துங்க, நான் நடிக்கல. மிஸ் குயின்பி, எங்க இருக்கீங்க?"

எங்கள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என் விரல்களைப் பிடித்து, 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்டாள்.

உதடு படிப்பதில் பாதி ஊகம். அதனால் திங்களன்று மூன்று பேரைத் தனித்தனியாக அனுப்பினேன். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூவரும் ஒன்றையே எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இதை அச்சில் போடுவதற்கு முன் உங்களைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண் இப்போது எங்கே? நலமாக இருக்கிறாரா?

ஒட்டிலி க்ராஸ்


லாஸ் ஏஞ்சலிஸ்
அக்டோபர் 23, 1922

மிஸ் க்ராஸ்,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துக் காட்டினேன். பூண்டு வரைக்கும் எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் மட்டும் படித்தேன்.

நடிகர்கள் கேமரா முன்னால் எதை வேண்டுமானாலும் பேசுவார்கள். என் கதாநாயகன் ஒருவன் மரணப் படுக்கையில் குதிரைப் பந்தய முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். மக்கள் கதறினார்கள். ஏதாவது சொல்லி, வாய் அசைய வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது.

நீங்கள் கல்லூரியில் படித்தவர் என்று உங்கள் எழுத்தே சொல்கிறது. நான் படிக்கவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனிக்குக் கதை தட்டச்சு செய்யப் போனேன். ஒருநாள் இயக்குநர் குடித்துவிட்டு வரவில்லை. வெயில் போய்க்கொண்டிருந்தது. மெகாபோனை எடுத்தேன். 'பொம்பளை கத்தினா குதிரை மிரளும்' என்றான் கேமராக்காரன். குதிரைகள் மிரளவில்லை. வேலையை விட்டுப் போனது அவன்தான். அது 1911. அதன் பிறகு நான் எடுத்த படங்களை எண்ணுவதை நானே விட்டுவிட்டேன்.

என் வழி இது: கேமரா ஓடும்போது நான் பேசிக்கொண்டே இருப்பேன். 'தலையைத் தூக்கு, இன்னும், அதோ விளக்கு, அப்பா உயிரோட இருக்கார்.' என் குரல்தான் நடிகையைப் பிடித்து நடத்தும் கயிறு. பக்கத்தில் வயலினும் ஆர்மோனியமும் அழுதுகொண்டிருக்கும், அவளும் அழ வேண்டுமே. அடுத்த செட்டில் தச்சர்கள் ஆணி அடிப்பார்கள். விளக்குகள் தேனீக்கூடு போல இரையும். அந்த அமளியில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நீங்கள் கேட்ட பெண், லியோடா பார்ன்ஸ், நியூயார்க்கில் வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். கடையில் ரிப்பன் விற்றுக்கொண்டிருந்தவளை நான்தான் கண்டுபிடித்தேன். போகட்டும். அது உங்கள் பக்கத்துக்கு வேண்டியதில்லை.

ஜனவரியில் ஆறு படங்களுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறேன். இந்த ஸ்டுடியோவில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காதது. நீங்கள் இதை அச்சிட்டால் எங்கள் வக்கீல்கள் உங்கள் ஆசிரியருக்கு எழுதுவார்கள். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெஸ்டர் குயின்பி

பி.கு: என் பெயரைச் சொன்னாள் என்கிறீர்கள். உறுதியாகவா?


ஆக்ரன்
அக்டோபர் 30, 1922

மிஸ் குயின்பி,

உறுதியாக. இரண்டு முறை. முதல் முறை கேட்பது போல. இரண்டாம் முறை, கூப்பிடுவது போல.

வக்கீல் பத்தியை ஆசிரியரிடம் காட்டினேன். "கேஸ் போடட்டும். நீதிபதி முன்னாடி படத்தை ஓட்டித்தானே ஆகணும்? ஓட்டட்டும்!" என்று கைகளால் சொன்னார். அவருக்கு இப்படிப்பட்ட சண்டைகள் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அதனால் நவம்பர் கடைசி இதழ் வரை காத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு நீங்கள் சொல்லவில்லை. நியூயார்க்கில் இருக்கிறார் என்றீர்கள். அங்கிருந்து வருகிற படங்களை ஒன்று விடாமல் பார்ப்பது என் வேலை. லியோடா பார்ன்ஸ் ஒன்றிலும் இல்லை. கூட்டத்தில் ஒரு முகமாகக்கூட இல்லை.

ஒன்று செய்யுங்கள். படத்துக்கு வாசிக்கும் வாத்தியக்காரர்கள் இல்லாமல் அந்த ரீலைப் போட்டுப் பாருங்கள். எழுத்தட்டை வரும் முன் நிறுத்திவிடுங்கள். கண்களைப் பார்க்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் ஏமாந்தோம்.

வாயைப் பாருங்கள்.

ஒட்டிலி க்ராஸ்


லாஸ் ஏஞ்சலிஸ்
நவம்பர் 9, 1922

மிஸ் க்ராஸ்,

பார்த்தேன்.

வாயைப் பார்க்கத் தொடங்கியதும் கேட்கத் தொடங்கிவிட்டது. இப்போது நிற்க மாட்டேன் என்கிறது. காப்பி குடிக்கும்போது கேட்கிறது. நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினால் எட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். அவள் எங்கே என்று கேட்கிறாள். நான் மெகாபோனில், 'அற்புதம், அப்படியே இரு, அப்படியே' என்று கத்துகிறேன்.

அப்படியே இருந்தாள்.

நான் சொன்னதைக் கேட்டாள்.

ஒன்றை எழுதிவிட வேண்டும். அந்தக் காட்சிக்குக் கார்பன் விளக்குகளின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னது நான். கண்ணாடி வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. எனக்குப் புயலைக் கிழித்துக்கொண்டு வரும் ஒளி வேண்டியிருந்தது. விளக்குக்காரர் ஆமோஸ் தயங்கினார். "மிஸ், கண்ணாடி இல்லாம ரொம்ப உறுத்துமே?"

"சூரியனுக்கு யாராவது கண்ணாடி மாட்டியிருக்காங்களா, ஆமோஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வாய்க்குப் பேர்போனவள் நான்.

விளக்குக்கண் எங்கள் எல்லோருக்கும் வரும். சாயங்காலம் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு இருட்டறையில் படுப்போம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். "கிழங்கு பூரா உங்க மூஞ்சிக்கே போனா நான் என்னத்தைச் சமைக்கிறது?" என்று ஸ்டுடியோ சமையல்காரர் திட்டுவார். அது எங்களுக்கு ஜலதோஷம் போல. அதனால்தான் லியோடா காலையில் கண் எரிகிறது என்றபோது, கிழங்கு வைத்தாயா என்று மட்டும் கேட்டேன். அதுதான் கடைசி நாள்; நடுவில் ஓய்வு கொடுக்காமல் மறுபடி மறுபடி எடுத்தோம், முடிந்ததும் நான் ரீலோடு போய்விட்டேன்.

நேற்று நகரத்தில் ஒரு கண் மருத்துவரைப் பார்த்தேன். "கண்ணைச் சுடற கதிரை அந்தக் கண்ணாடி தடுத்ததாலதான் இத்தனை நாள் தப்பிச்சீங்க" என்றார். "அதை யாராவது கழட்டுவாங்களா?"

அங்கிருந்து நேராகக் கெல்சோவிடம் போனேன். ஸ்டுடியோ அவருடையது.

"லியோடா எங்கே?"

"இப்ப எதுக்கு ஹெஸ்டர்? படம் பிச்சுக்கிட்டு ஓடுது. ஒப்பந்தம் அதோ மேஜை மேல."

"எங்கேன்னு கேட்டேன்."

"பெட்டலூமா. சித்தி வீட்டுல. கோழிப்பண்ணை வச்சிருக்காங்க. நல்லாப் பார்த்துக்கறாங்க. எந்தப் புகாரும் இல்லைன்னு அவளே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா."

"கண்ணு தெரியாம எப்படிப் போட்டா?"

"கையைப் பிடிச்சுக் காட்டினோம்" என்றார். சொல்லும்போது, இல்லாத ஒரு கையைப் பிடித்துக் காகிதத்தின் மீது வைப்பது போலச் செய்தும் காட்டினார். மென்மையாக. ஒரு குழந்தைக்குக் காட்டுவது போல.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உன்கிட்ட ஏன் சொல்லலை தெரியுமா?" என்றார். "சொல்லியிருந்தா நீ படத்தை வெட்டி ஒட்டி முடிச்சிருக்க மாட்டே."

மிஸ் க்ராஸ், அவர் என்னைப் பற்றி என்னைவிட உயர்வாக நினைக்கிறார். முடித்திருக்க மாட்டேனா? எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் நன்றி கெட்டவள் என்று நியூயார்க்குக்கு இரண்டு கடிதம் எழுதினேன். கெல்சோ கொடுத்த, இல்லாத ஒரு முகவரிக்கு.

நாளை வடக்கே ரயில் ஏறுகிறேன்.

ஹெ.கு.


ஆக்ரன்
நவம்பர் 15, 1922

மிஸ் குயின்பி,

இது வருவதற்குள் நீங்கள் போயிருப்பீர்கள். வீட்டில் அனுப்பிவைப்பார்கள் என்று நம்புகிறேன்.

கெல்சோ கையால் செய்து காட்டிய இடத்தை நான் பலமுறை படித்தேன். என் மொழியே கைதான். அப்படி ஒரு சைகையை இனி என்னால் மறக்க முடியாது.

கட்டுரை அச்சுக்குப் போகாது, நீங்கள் எழுதும் வரை.

ஒட்டிலி


பெட்டலூமா, விடுதி
நவம்பர் 19, 1922

மிஸ் க்ராஸ்,

கண் எட்டும் தூரம் வரை வெள்ளைக் கோழிகள். வாசலிலேயே சித்தி நின்றிருந்தார். மிஸஸ் கோரம். தோளில் ஈரத் துணி.

"வந்துட்டாங்களா மகாராணி" என்றார். "உள்ள வாங்க. உருளைக்கிழங்கு வேணும்னா இருக்கு."

அவர் பின்னால் உள்ளே போனேன்.

லியோடா சமையலறையில் முட்டை கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, கூடையில். தலை நிமிராமலே சொன்னாள்: "மெகாபோன் இல்லாம உங்களுக்கு நடக்கவும் தெரியுமா மிஸ்? செருப்புச் சத்தம்தான் கேக்குது."

வலது கண் போய்விட்டது. புண்ணாகி, வெண்படலம் மூடிக்கொண்டது. இடது கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியுமாம். "அது போதும். கோழிங்களை மிதிக்காம நடக்கலாம்." இருபத்திரண்டு வயது.

ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தொழில் பழக்கம். வசனத்தை எழுதி, திருத்தி, உதட்டில் சொல்லிப் பார்த்து. எல்லாம் வீண். அவள் முந்திக்கொண்டாள்.

"எப்படி இருந்தேன்?"

புரியவில்லை எனக்கு.

"படத்துல மிஸ். நான் பார்க்கலையே. எப்படி இருந்தேன்?"

சொன்னேன். முகம் திரை முழுக்க வருகிறது என்றேன். கூந்தல் ஈரமாக நெற்றியில். கண்கள் எங்கோ, யாரும் பார்க்க முடியாத ஒன்றைப் பார்ப்பது போல. அவள் கை நிற்கவே இல்லை, முட்டை, துணி, கூடை.

"ஜனங்க அழுதாங்களா?"

"அழுதாங்க."

"ஆம்பளைங்களும்?"

"ஆமா."

சிரித்தாள். மிஸ் க்ராஸ், சந்தோஷமாகச் சிரித்தாள். நான் அதற்குத் தயாராக வரவில்லை. கத்துவாள், துப்புவாள், கூடையைத் தூக்கி எறிவாள் என்று எல்லாம் படமாக எடுத்துப் பார்த்திருந்தேன் மனதுக்குள். இதை எடுக்கவில்லை.

அப்புறம் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த ஷாட்டை எல்லாப் பிரிண்டிலிருந்தும் வெட்டி எறியப்போகிறேன், கெல்சோ தடுத்தால் கோர்ட்டுக்குப் போவேன், இனி ஒருவரும் அதைப் பார்க்கக் கூடாது.

அவள் கை நின்றது.

"வெட்டிருவீங்களா?"

"ஆமா, லியோடா."

"அப்ப நான் எதுக்கு மிஸ் கண்ணைக் குடுத்தேன்?"

மிஸஸ் கோரம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த வீட்டுல நான் முட்டை கழுவறேன்" என்றாள். "எங்கேயோ ஒரு ஊர்ல, ஒரு கொட்டகையில, நான் அவ்வளவு பெருசா நிக்கறேன். அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அதையும் வெட்டிட்டு, மனசு லேசாகி ரயில் ஏறலாம்னு வந்தீங்களா?"

ஆம். அதற்குத்தான் வந்திருந்தேன். அவள் சொல்லும்வரை எனக்கே தெரியாது.

கொஞ்சம் கழித்து, "அந்த எடத்துல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"'அப்பா! விளக்கு எரிகிறது!'"

அவள் சிரித்த சிரிப்பை விவரிக்க மாட்டேன். மிஸஸ் கோரம் ஓடிவந்து முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"நான் அதையா சொன்னேன்?"

"இல்லை."

"என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒஹாயோவுல ஒருத்தங்க பார்த்துட்டு எழுதினாங்க." உங்களைப் பற்றிச் சொன்னேன். காது கேட்காது என்பதையும்.

"கேட்டியா சித்தி" என்றாள், அவ்வளவுதான். பிறகு கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, என் குரல் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தவறிவிட்டது. என் தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் மூஞ்சியை வெட்டாதீங்க. உங்க எழுத்தை வெட்டுங்க. நான் சொன்னதைப் போடுங்க."

அதைப் போட்டால் கதை அந்த இடத்திலேயே உடைந்துவிடும். கரையும் புயலும் அப்பாவும் மறைந்து, ஒரு செட்டும் நான்கு விளக்குகளும் நானும் மட்டும் மிஞ்சுவோம். பார்க்கிறவர்கள் மிஸ் குயின்பி யார் என்று கேட்பார்கள். முதல் அட்டையிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது யாரென்று.

ஆறு படங்கள், மிஸ் க்ராஸ். குடித்துவிட்டு வராத ஒருவனின் இடத்தில் நுழைந்து, பதினோரு வருடம் பல்லைக் கடித்து, இங்கே வந்து நிற்கிறேன். எனக்குப் பின்னால் வரும் பெண்களிடம் கெல்சோக்கள் என்ன சொல்வார்கள்? 'ஒருத்தியை நம்பிப் பார்த்தோமே' என்பார்கள்.

"யோசிக்கிறேன்" என்றேன். கெல்சோ எங்களிடம் சொல்லும் அதே சொல்.

"யோசிங்க" என்றாள் லியோடா. முட்டைக்குத் திரும்பிவிட்டாள்.

நான் என்ன செய்ய வேண்டும்?

ஹெஸ்டர்


ஆக்ரன்
நவம்பர் 27, 1922

ஹெஸ்டர்,

என்னைக் கேட்காதீர்கள். நான் உங்கள் பாதிரியார் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் முதல் கடிதம் எழுதினேன். ஒரு நல்ல கட்டுரைக்காக. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

லியோடா சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அந்த முகம் இனி ஒரு திரையிலும் வரக் கூடாது என்பதே என் எண்ணம். பணம் கொடுத்து உட்கார்ந்து ஒருத்தி பார்வை இழப்பதைப் பார்க்கிறோம். அழுகிறோம். வெளியே வந்து கடலை வாங்கித் தின்கிறோம். ஆனால் முகம் அவருடையது. என் எண்ணத்துக்கு அங்கே வேலையில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதம் வந்த பிறகு என் பக்கத்தின் பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். சென்ற ஆண்டு ஒரு சர்க்கஸ் படம். கயிற்றின் மேல் நின்ற பெண் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன்: 'நம் வீராங்கனை உண்மையில் சொன்னது: ஐயோ, இறக்கிவிடுங்கடா!' கீழே ஒரு சிரிப்புப் படம் வேறு. எங்கள் மக்கள் அதை வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவள் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. இறக்கிவிட்டார்களா என்றும் தெரியாது. எழுதிக் கேட்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

உங்கள் செட்டில் வயலின் அவள் குரலை மூடியது. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஒட்டிலி


லாஸ் ஏஞ்சலிஸ்
ஜனவரி 21, 1923

ஒட்டிலி,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கோழைத்தனம். கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு காலையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உறுதியோடு எழுந்தேன்.

அட்டை எழுதும் ஓவியரிடம் லியோடாவின் வார்த்தைகளைக் கொடுத்தேன். வெள்ளை மையைத் தொட்டுக்கொண்டே கேட்டார்: "மிஸ், இதுல யார் பேசறது? உங்க பேரு வருது?"

"கதாநாயகி பேசறா."

"உங்ககிட்டயா?"

"என்கிட்டதான்."

தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தார். அவரும் அந்த விளக்குகளின் கீழ் வேலை செய்கிறவர்.

அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது கெல்சோ கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. ஒப்பந்தத்தை மேஜையிலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டார், வேலை முடிந்த பேனாவை வைப்பது போல. "நீ களைச்சுப் போயிட்டே ஹெஸ்டர். கொஞ்சம் ஓய்வெடு." அட்டையை ஒரு பிரிண்டிலும் சேர்க்க மாட்டார்கள். அந்த ஆறில் முதல் படம் என் உதவி இயக்குநருக்குப் போயிருக்கிறது. டெக்ஸ்டர். நான் பழக்கிய பையன்.

அவனைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டேன். "விளக்குகளுக்குக் கண்ணாடி மாட்டிடு, டெக்ஸ்டர்."

"வெளிச்சம் செத்துப்போகுமே மிஸ்" என்றான். பிறகு, என்னைச் சிரிக்கவைக்க: "சூரியனுக்கு யாராவது மாட்டியிருக்காங்களா?"

அது ஸ்டுடியோ முழுக்கப் பரவிவிட்டது, ஒட்டிலி. தளத்தில் எல்லோரும் சொல்கிறார்களாம். என் வாக்கியம். நான் போனாலும் அது அங்கே சம்பளம் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

அவன் படத்தில் நடிக்கும் புதுப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவளைப் பார்த்துச் சொல்லிவிட மறுநாள் போனேன். வாசற்காவலர் என்னை நன்றாகத் தெரிந்தவர். "யாரைப் பார்க்கணும் மேடம்?" என்று கேட்டார். என் கண்ணைப் பார்க்காமல்.

ஆகவே: கட்டுரையை அச்சிடுங்கள். எல்லாப் பெயரோடும். என் பெயரை முதலில். லியோடா சம்மதம் சொல்லி, மிஸஸ் கோரம் எழுதி அனுப்பியதை இத்துடன் வைத்திருக்கிறேன். 'பேச்சைக் குறைச்சு சீக்கிரம் செய்யச் சொல்லுங்க' என்பதும் அதில் இருக்கிறது. அது சித்தியின் சொந்த வரி என்று நினைக்கிறேன்.

இயக்குநருக்கென்று ஒரு பிரிண்ட் கொடுப்பார்கள். அது என்னுடையது. பழைய அட்டையை நானே வெட்டினேன், புதியதை நானே ஒட்டினேன். ரயில் பார்சலில் உங்களுக்கு வருகிறது. யாராவது திரையிட்டால் திரையிடட்டும். பிலிம் சட்டெனப் பற்றிக்கொள்ளும்; பெட்டியை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இனி யாரும் என்னை ஒரு படம் எடுக்கக் கூப்பிடப்போவதில்லை. காலையில் எழுந்ததும் கை மெகாபோனைத் தேடுகிறது. இன்றுகூட.

ஹெஸ்டர்


ஆக்ரன்
பிப்ரவரி 12, 1923

ஹெஸ்டர்,

கட்டுரை வந்துவிட்டது. இரண்டு நகரங்களின் நாளிதழ்கள் எடுத்துப் போட்டன. கெல்சோ அவர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்: 'எங்கள் தளத்தில் எல்லா விளக்குகளுக்கும் கண்ணாடி உண்டு.' அச்சில் வந்துவிட்டது. இனி அவர் அவற்றை மாட்டியாக வேண்டும். உங்கள் டெக்ஸ்டர் இப்போது ஏணியில் ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது. எழுதிக் கேட்டிருக்கிறேன், அந்தப் புதுப் பெண்ணுக்கே.

சனிக்கிழமை உங்கள் பிரிண்டைத் திரையிட்டோம். மேலாளர் முதலில் மாட்டேன் என்றார். "ஊரே பார்த்த படம். இனி எவன் வருவான்?" நாங்கள் வருவோம் என்றேன். வந்தோம். மற்றவர்களும் வந்தார்கள், கட்டுரையைப் படித்தவர்கள் சிலர், ஒன்றும் தெரியாமல் சனிக்கிழமைக்காக வந்தவர்கள் பலர். நான் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. ஓரச் சுவரோரம், திரைக்கு முதுகைப் பாதி காட்டி உட்கார்ந்தேன். எனக்கு மக்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

லியோடாவின் முகம் வந்தது. எல்லோர் முகத்திலும் அந்த வெளிச்சம் விழுந்தது.

பிறகு அட்டை.

'மிஸ் குயின்பி, எனக்குக் கண் தெரியவில்லை. எங்கே இருக்கிறீர்கள்?'

ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவனிடம் "ரீலை மாத்திப் போட்டுட்டானுங்க" என்றான். இன்னொருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பியானோக்காரர் கைகளைத் தூக்கினார். தூக்கிய இடத்திலேயே வைத்திருந்தார். எதை வாசிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கிறவர்களுக்கு அப்போது அந்த அரங்கம் எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாக எனக்குத் தெரிந்தது போல இருந்தது. எங்களுக்கு எப்போதும் இருப்பது போல.

நான்காவது வரிசையில் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கலாம். எங்களைச் சேர்ந்தவர் இல்லை, கட்டுரையைப் படித்தவர் போலவும் இல்லை. மடியில் கடையில் வாங்கிய பொட்டலம். அட்டையை மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போலப் படித்தார். படித்து முடித்ததும் பொட்டலத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். திரையைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தமாகவா, முணுமுணுப்பாகவா என்று எனக்குத் தெரியாது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இதில் ஊகம் ஒன்றுமில்லை. லியோடாவுக்கு நீங்கள் நேரில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக அப்படியே எழுதுகிறேன்.

"இங்கதான் இருக்கேன்டி" என்றார். "பக்கத்துலதான் இருக்கேன். கையை நீட்டு."

ஒட்டிலி